அந்த வரியை எடுக்கச் சொல்

பரசு,

நேற்று போனில் உன் குரலைக் கேட்டேன். கொஞ்சம் சளி பிடித்திருக்கிறது, மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறாய். நானும் நன்றாக இருக்கிறேன், கோபமாக இருக்கிறேன் என்பதைத் தவிர. நலம் விசாரிக்கிற வேலையை இத்தோடு முடித்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை உங்கள் கல்லூரியில் விழா, அதற்காகத்தான் நீ ஒரு வாரமாக அங்கே நண்பன் அறையில் தங்கியிருக்கிறாய். வேதியியல் துறையில் முதலாவதாக வந்தவன் என்று உன்னை மேடையில் ஏற்றி, முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் கஷ்டத்தை வென்று படித்தது எப்படி என்று ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நீ பேசுவதற்கு முன்னால் உன்னைப் பற்றி ஒரு வீடியோ போடப்போகிறார்களாம். அதில், 'தந்தையை இழந்து, உப்பளத்தில் கூலி வேலை செய்யும் தாயின் உழைப்பில் படித்த மாணவர்' என்று ஒரு வரி வருகிறதாம். விழா ஏற்பாடு செய்கிற புது வாத்தியார் பழைய ஃபைலில் என் மனுவைப் பார்த்து எடுத்துப் போட்டாராம். இதையெல்லாம் நீதான் சொன்னாய். சொல்லிவிட்டு, "விடும்மா, ஒரு லைன்தான. மூணு செகண்டுல போயிடும்" என்றாய்.

அந்த மூன்று விநாடியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ இழந்துவிட்டதாகச் சொல்லப்படும் உன் அப்பா இதோ வாசலில் உட்கார்ந்து சாக்கு தைத்துக்கொண்டிருக்கிறார். காலையில் ஐந்து இட்லி சாப்பிட்டார். சட்னியில் உப்பு போதவில்லை என்று குறை சொன்னார். உப்பளத்துக்காரி வீட்டில் உப்பு போதவில்லையாம்! செத்துப்போன மனுஷனுக்கு இவ்வளவு வாய் ஆகாது. பக்கம் பக்கமாக எழுதி, எதிர்வீட்டுச் செல்வியின் மகளை விட்டுப் படம் எடுத்து உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்பப் போகிறேன். அவள் படிப்பாள், செல்வியிடம் சொல்வாள், சாயங்காலத்துக்குள் தெருவே பேசும். பேசட்டும். இதில் யாருக்கும் தெரியக்கூடாத விஷயம் எதையும் நான் இனிமேல் வைத்திருக்கப்போவதில்லை.

பேச்சை எழுதிக் கொடு என்று நீ கேட்டதில் எனக்குப் பெருமைதான். பன்னிரண்டாவது முடித்த கையோடு உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு மரக்காணத்து உப்பளத்துக்கு வந்தவள் நான். மண்டையில் மிச்சமிருந்த தமிழையெல்லாம் தெருவுக்கு மனு எழுதித்தான் செலவழித்திருக்கிறேன். பட்டா, ரேஷன் அட்டை, முதியோர் பென்ஷன், மழைக்காலத்தில் அளம் மூடிக்கிடக்கும்போது கேட்கிற நிவாரணம், எல்லாம் என் கையெழுத்தில்தான் போகும். அதனால் உனக்கும் உட்கார்ந்து எழுதினேன். 'என் தாயின் வெடித்த பாதங்கள்' என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். படித்துப் பார்த்ததும் எனக்கே அழுகை வந்தது. கொஞ்சம் பொறுத்து சிரிப்பு வந்தது. என் கால் வெடித்ததால் நீ எந்தப் பரீட்சையில் பாஸானாய்? கிழித்துப் போட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை நீ என்ன பேசினாலும் பேசு, என் காலை மட்டும் மேடையேற்றாதே. அதற்குக் களிம்பு போட்டுக்கொள்ள எனக்குத் தெரியும்.

நடந்தது எல்லாம் உனக்கும் தெரியும் என்று நீ நினைப்பாய். பாதிதான் தெரியும். உன் அப்பாவுக்குக் கண் மங்க ஆரம்பித்தது நீ கல்லூரியில் சேர்வதற்கு முன்னாலேயே. வருஷக்கணக்காக வெயிலில் வெள்ளை வெளேர் என்று கிடக்கிற உப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அப்படி ஆவது இங்கே புதிதில்லை. அவர் சொல்லவில்லை. பாத்திக்கும் கரைக்கும் நடுவில் கால் கணக்கை வைத்தே நடந்துகொண்டிருந்தார். ஒருநாள் கூடைச் சுமையோடு வரப்பிலிருந்து விழுந்த பிறகுதான் கிளியனூரில் நடந்த கண் முகாமுக்குக் கூட்டிப்போனேன். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றவேண்டுமானால் இனிமேல் உப்பளத்து வெயிலில் கால் வைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போது நீ முதல் வருஷப் பரீட்சை எழுதி முடித்து ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாய்.

எங்கள் அளத்தில் ஆள் கணக்கு கிடையாது, ஜோடிக் கணக்குதான். ஒருவர் பலகையால் உப்பை வாரி ஒதுக்கவேண்டும், இன்னொருவர் கூடையில் அள்ளிக் கரைக்குச் சுமக்கவேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு ஜோடி, அப்பனும் மகனும் ஒரு ஜோடி. ஜோடி இல்லாதவளுக்குப் பாத்தி கொடுக்கமாட்டார்கள். அடுத்த பருவம் ஆரம்பித்ததும் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, "ஜோடி இல்லாம எப்படிக்கா? ஒம் பையன வரச் சொல்லு" என்றான். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. உனக்கு போன் செய்தேன். நீயும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வாரத்தில் நாலு நாள் அளம், இரண்டு நாள் கல்லூரி என்று ஆகிவிட்டது. உப்பு ஈரத்தோடு சட்டையை மாற்றிக்கொண்டு நீ பஸ்ஸுக்கு ஓடியதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்துக்கொண்டே அடுத்த கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் வருஷக் கடைசியில், வருகைப் பதிவு குறைந்துவிட்டது, பரீட்சை எழுத முடியாது என்று நிறுத்திவிட்டார்கள். உன் வகுப்பாசிரியர், "அம்மாகிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வா. காரணம் நியாயமா இருந்தா பிரின்ஸிபால்கிட்ட நான் பேசுறேன்" என்றாராம். இந்த இடத்தில்தான் நான் செய்த காரியம் வருகிறது. உண்மையை எழுதத்தான் முதலில் காகிதத்தை எடுத்தேன். கணவருக்குக் கண் போய்விட்டது, எனக்கு ஜோடி இல்லை, அதனால் படிக்கிற பிள்ளையை அளத்துக்கு இழுத்துக்கொண்டேன் என்று எழுதினேன். திரும்பப் படித்தபோது அதில் குற்றவாளியாக நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பிடிக்கவில்லை. எத்தனையோ மனு எழுதிய கை இது. எந்த வரிக்கு ஆபீசர் தலைநிமிர்ந்து பார்ப்பார் என்று அதற்குத் தெரியும். 'அண்மையில் தந்தையை இழந்த என் மகன்' என்று எழுதிவிட்டேன். உன் அப்பா செத்துவிட்டால் யார் மேலும் குற்றமில்லை பார். விதி என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

அதோடு விட்டேனா? உன்னைக் கூட்டிக்கொண்டு நானே கல்லூரிக்கு வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் முந்தானையால் நெற்றியைத் துடைத்தேன். தாலியை ரவிக்கைக்குள் போட்டு, கழுத்து தெரியாமல் போர்த்திக்கொண்டேன். நீ பக்கத்தில் நின்று, "என்னம்மா பண்ற?" என்று கேட்டாய். "வாய மூடிக்கிட்டு வா" என்றேன். உன்னைக் கல்லூரியில் படிக்கவைத்த தாய் அந்த வாசலில் உனக்குச் சொன்ன ஒரே வார்த்தை அது. உன் வகுப்பாசிரியர் என்னைப் பார்த்ததும் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். "டெத் சர்டிபிகேட் அப்புறமா குடுங்கம்மா, ஒண்ணும் அவசரமில்ல" என்றார். அவர் அதட்டிப் பேசுகிற ஆளாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. நல்ல மனிதராகப் போய்விட்டார். அனுமதி கிடைத்தது. திரும்பி வரும் பஸ்ஸில் மறுபடி குங்குமம் வைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் வீட்டுக்குள் நுழைந்தேன்.

"என்னான்னு எழுதுன?" என்று உன் அப்பா கேட்டார். "ஒடம்பு சரியில்லன்னு எழுதுனேன்" என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு ஊசியில் சணலைக் கோக்க ஆரம்பித்தார். நம்பிவிட்டார் என்று நினைத்தேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு, உனக்குத்தான் தெரியுமே, எழுதும்போது வரி வரியாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவேன். நான் அந்த மனுவை எழுதிய மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்து சாக்கு தைத்துக்கொண்டிருந்திருக்கிறார். தான் செத்துப்போனதை உட்கார்ந்து கேட்டிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மௌனத்துக்காக அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. எழுந்து வந்து என் கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால் எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது நீ ரெக்கார்டு நோட்டை வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டாய். அது இல்லாமல் பிராக்டிகலில் உட்காரவிடமாட்டார்கள் என்று போன் செய்தாய். நான் அளத்தில் இருந்தேன். உன் அப்பா பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, நோட்டையும் ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாட்டையும் பையில் போட்டுக்கொண்டு, கண்டக்டரிடம் இறக்கிவிடச் சொல்லி, தனியாகவே கல்லூரி வாசலுக்கு வந்துவிட்டார். அவர் வந்த நேரம் பார்த்து உன் வகுப்பாசிரியரும் கேட் பக்கத்தில் நின்றிருக்கிறார். "பரசுவா? அப்பா இல்லாத பையன்தான? நீங்க யாரு?" என்று கேட்டிருக்கிறார். உன் அப்பா யோசிக்கவேயில்லை. "சித்தப்பாங்க. அவங்கப்பா போனதுலேர்ந்து நாந்தான் பாத்துக்கிறேன்" என்றாராம். வாத்தியார் அவர் கையைப் பிடித்து, "நல்லாப் படிக்கிற பையங்க, கைவிட்டுடாதீங்க" என்று சொல்லியிருக்கிறார்.

நீ பத்தடி தூரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாய். அன்றைக்குச் சாயங்காலம் நீ போனில் அழுதுகொண்டே சொன்னது அப்படியே எனக்கு நினைவிருக்கிறது. "அப்பாவுக்கு நான் நின்னது தெரியலம்மா. நான் கேட்டது அவருக்குத் தெரியாது. கிட்டப் போயி பையை வாங்குனப்பக்கூட, என்ன தம்பி, நல்லா இருக்கியான்னுதான் கேட்டாரு. பெத்த புள்ளைய தம்பின்னு." நான் உனக்கு ஆறுதல் சொல்லவில்லை. பரீட்சை முடியட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி போனை வைத்தேன். எனக்கு அப்போது பரீட்சைதான் முக்கியமாகத் தெரிந்தது.

மறுநாள் நீ நேராகப் பிரின்ஸிபால் அறைக்குப் போய், எங்கப்பா உயிரோடு இருக்கிறார், அந்தக் கடிதம் பொய், நான்தான் அம்மாவை எழுதச் சொன்னேன் என்று சொல்லிவிட்டு வந்தாய். அந்தக் கடைசிப் பொய்யை உன்னை யார் சொல்லச் சொன்னது? அனுமதியை ரத்து செய்தார்கள். கல்லூரியை விட்டு அனுப்பாமல், அடுத்த செட்டோடு இரண்டாம் வருஷத்தைத் திரும்பப் படி என்றார்கள். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து நின்றபோது, "ஒரு வருஷத்த தூக்கிக் கடல்ல போட்டுட்டு வந்து நிக்கிறியேடா, அறிவிருக்கா ஒனக்கு?" என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். நீ என்ன சொன்னாய் தெரியுமா? மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. "வருஷம் திரும்ப வரும்மா. இன்னிக்கு சித்தப்பான்னு விட்டுட்டா, நாளைக்கு அவர என்னான்னு கூப்புடுவேன்?" என்றாய். பத்தொன்பது வயது உனக்கு. நான் உன்னோடு ஒரு மாதத்துக்கு மேல் பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவேன். அதற்கு இன்றைக்கு மன்னிப்புக் கேட்கிறேன். நீ என்னைவிட நேராக நின்றாய், அது எனக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் நீ காலையில் எனக்கு ஜோடியாக அளத்தில் நின்றுவிட்டு, மத்தியானத்துக்கு மேல் குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட்ஹவுஸில் அறை துடைத்து, படுக்கை விரித்துக்கொண்டிருந்தாய். உன் மாமா வேறு, "பேசாம அங்கயே இருந்துடு மாப்ள, படிச்சு என்ன கலெக்டராவா ஆவப்போற" என்று தினம் போனில் ஓதிக்கொண்டிருந்தான். நீயும் பாதி மனசாக இருந்தாய் என்று எனக்குத் தெரியும். கல்லூரி திறக்கும் நாள் நெருங்கியது. உன்னைத் திரும்ப அனுப்பினால் அளத்தில் எனக்கு ஜோடி இல்லை. அப்போதுதான் ஒருநாள் செல்வியிடம் கேட்டேன். அவள் புருஷன் சென்னையில் கட்டிட வேலை, இங்கே அவளுக்கும் ஜோடி இல்லை. இரண்டு பேரும் போய் மேஸ்திரி முன்னால் நின்றோம். "ரெண்டு பொம்பளைங்க ஜோடியா? யாரு வார்றது, யாரு சொமக்கிறது?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். "ஒரு நாளு நான் வார்றேன், மறுநாளு அவ வார்றா. ஒனக்கு உப்பு கரைக்கு வந்தா போதும்ல? வரலன்னா அப்புறம் சிரி" என்றேன். ஒரு மாதம் பார்ப்போம் என்றான். பார்த்தான். இன்றைக்கு எங்கள் அளத்தில் எங்களைப்போல் இன்னும் மூன்று ஜோடி இருக்கிறது.

உனக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதுதான். அந்த மேஸ்திரியிடம் பேசிய பேச்சு மொத்தமாக இரண்டு நிமிடம் இருக்கும். அதை அவன் உன்னை வரச் சொன்ன அன்றைக்கே பேசியிருக்கலாம். பேசியிருந்தால் நீ அளத்துக்கு வந்திருக்கவேண்டாம், வருகைப் பதிவு குறைந்திருக்காது, மனுவே தேவைப்பட்டிருக்காது. எனக்கு அது தோன்றவேயில்லை. மேஸ்திரியோடு சண்டை போடுவதைவிட உன் அப்பாவைச் சாகடிப்பது எனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. நம்மைப்போன்றவர்கள் செய்கிற தப்பு இது பரசு. நியாயமாகக் கேட்கவேண்டியவனிடம் வாய் திறக்கமாட்டோம். நமக்கு இரக்கம் காட்டுகிறவனிடம் போய் இல்லாத துக்கத்தையெல்லாம் கொட்டுவோம். அந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது புத்தி சொல்லவேண்டும் என்றால் இதைச் சொல். அழுதுகாட்டி வாங்கிக்கொள்ளாதீர்கள், நின்று கேளுங்கள் என்று சொல்.

குயிலாப்பாளையத்துக்கு நான் வந்த நாள் நீ கை நிறையப் படுக்கை விரிப்போடு நின்றுகொண்டிருந்தாய். "காலேஜுக்குக் கெளம்பு" என்றேன். "அளத்துக்கு யாரு ஜோடி?" என்று கேட்டாய். "செல்வி" என்றதும் உனக்கு வந்த சிரிப்பு! விரிப்புகளைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாய். நமக்குள் இருந்த கோபமெல்லாம் அங்கேயே போய்விட்டது. அப்புறம் நீ பட்டது எனக்குத் தெரியும். உன்னைவிடச் சின்னப் பிள்ளைகள் நடுவில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாய், அவர்கள் உன்னை அண்ணா என்று கூப்பிட்டார்கள். உன் வகுப்பாசிரியர் ஒரு செமஸ்டர் முழுக்க உன் முகத்தைப் பார்க்கவில்லை. பிசிக்கல் கெமிஸ்ட்ரி டெஸ்டில் ஒருமுறை ஃபெயிலானாய். இங்கிலீஷில் பதில் சொல்ல எழுந்து நின்று, பாதியிலேயே உட்கார்ந்துவிட்ட நாட்களையும் சொல்லியிருக்கிறாய். ஆனாலும் ஒருநாள்கூட வகுப்பை விடவில்லை.

ஹாஸ்டலை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே போய்வந்த அந்த இரண்டு வருஷமும் உனக்குப் பாடம் கேட்டது யார்? நான் அளத்துக்குப் போய்விடுவேன். நீ வாசலில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாய், உன் அப்பா சாக்கு தைத்துக்கொண்டே கேட்பார். ஒரு வார்த்தை புரியாது அவருக்கு. ஆனால் நீ எங்கேயாவது ஒரு வரியைத் தாண்டிவிட்டால், "நேத்து இதுக்கு நடுவுல இன்னொன்னு சொன்னியே" என்று பிடித்துவிடுவார். அவர் பிடித்தால் தப்பாது. கண் போன மனுஷனுக்குக் காது அப்படி. போன வாரம்கூட செல்வி மகள் வேதியியல் புத்தகத்தை வைத்துக்கொண்டு திணறியபோது, இவர் தூரத்திலிருந்து, "பென்சீனுக்கு அப்புறம் டொலுவீன் பாப்பா" என்று எடுத்துக்கொடுத்தார். அவள் வாயைப் பிளந்துவிட்டாள். மூன்றாம் வகுப்போடு நின்றவர்! உன் பாடத்திட்டம் முழுவதையும் இரண்டு தடவை கேட்டு முடித்த ஆள் அவர் ஒருவர்தான். அவரைத்தான் வெள்ளிக்கிழமை நீங்கள் எல்லாரும் சேர்ந்து மேடையில் வைத்து மறுபடி சாகடிக்கப்போகிறீர்கள்.

நீ ஏன் 'விடும்மா' என்றாய் என்று எனக்குத் தெரியாமலில்லை. அந்த வரி தப்பு என்று நீ சொன்னால், அப்படியானால் இந்த மனுவை எழுதியது யார் என்று கேட்பார்கள். நல்ல நாளும் அதுவுமாக உன் அம்மா பொய்க்காரி என்று நாலு பேருக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பயப்படுகிறாய். பிரின்ஸிபால் அறையில் பழியை உன் தலையில் போட்டுக்கொண்டவன்தானே நீ. இப்போதும் எனக்குக் குடை பிடிக்கிறாய். எனக்கு அந்தக் குடை வேண்டாம் பரசு. அதன் நிழலில் நான் நிற்பதற்காக உன் அப்பா வெளியே நிற்கிறார். நான் பொய்க்காரிதான். ஒரு தடவை எழுதினேன், கையெழுத்துப் போட்டேன், நெற்றியை வேறு துடைத்துக்கொண்டு நடித்தேன். யார் கேட்டாலும் ஆமாம் என்பேன். என் மகன் அதைத் திருத்த ஒரு வருஷத்தைக் கொடுத்தான் என்றும் சேர்த்துச் சொல்வேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை, பெருமையாக இருக்கிறது.

அந்தப் புது வாத்தியாரிடமும் ஒன்று கேள். அப்பன் உயிரோடு இருந்தால் பிள்ளை பட்டது கஷ்டம் இல்லையா? கண் மங்கிப்போய் வாசலில் சாக்கு தைக்கிற அப்பன் வீடியோவுக்கு எடுபடமாட்டானா? யாராவது செத்தால்தான் நம் வீட்டுப் பிள்ளை படித்ததற்குக் கை தட்டுவார்களா? அப்படிப்பட்ட கைதட்டல் நமக்குத் தேவையில்லை. நீ முதலாவதாக வந்தது உன் மண்டையாலும் பிடிவாதத்தாலும். எம்.எஸ்ஸிக்கு வெளிமாநிலத்தில் இடம் கிடைத்ததும் அதனால்தான். அதற்கு அனுதாபச் சீட்டு ஒட்டுவதற்கு யாருக்கும் அனுமதி கொடுக்காதே. நாளைக்கு நீ போகிற ஊரிலும் இதைத்தான் கேட்பார்கள். உன் கஷ்டத்தைச் சொல் என்று ஆசையாகக் கேட்பார்கள். பாடத்தைப் பற்றிக் கேளுங்கள் சொல்கிறேன் என்று சொல்லிப் பழகு.

இதுவரை எழுதியதை வாசலில் போய் உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். முதல்முறையாக அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, சுவர் எதுவும் நடுவில் இல்லாமல் படித்தேன். மனு எழுதிய பகுதி வந்தபோது படிப்பதை நிறுத்திவிட்டேன். அவர் தையலை நிறுத்தவில்லை. "படி, படி" என்றார். முழுவதும் கேட்டு முடித்துவிட்டு, "புள்ளைய ஏன் இப்ப போட்டு வாட்டுற? நல்ல நாளு. நான் வரல, வீட்லயே இருக்கேன். நீயும் செல்வியும் போயிட்டு வாங்க. அந்த வரி இருந்தா இருந்துட்டுப் போவுது, எனக்கென்ன கொறஞ்சு போச்சு" என்றார். அதே ஆள், பார்த்தாயா. கல்லூரி கேட் பக்கத்தில் நின்றபோது இருந்த அதே ஆள். நமக்கு வசதியாக இருக்கட்டும் என்று எப்போது கேட்டாலும் செத்துப்போகத் தயாராக இருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த பேனாவை வீசிவிட்டேன். "ஒங்களச் செத்துட்டதா எழுதுனவ நான். நீங்க இருக்கீங்கன்னு சொல்லவேண்டியவளும் நாந்தான். வரலன்னு இன்னொரு தடவ சொன்னீங்கன்னா நடக்கிறது வேற" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் சிரிப்பு நின்று, வெகுநேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாக்குத் தூசி என்றார். கடைசியில், எந்தச் சட்டையைப் போடுவது என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் வருகிறோம். முன்வரிசையில் உட்காருவோம், யார் எழுப்பினாலும் எழுந்திருக்கமாட்டோம். அந்த வரியை எடுத்துவிட்டார்கள் என்றால் நல்லது. எடுக்கவில்லை என்றால், அது திரையில் வந்த அடுத்த நொடி நான் எழுந்து நின்று, உன் அப்பாவைக் கைப்பிடித்து எழுப்பி, இவர்தான் என்று அந்த அரங்கம் முழுக்கக் கேட்கும்படி சொல்வேன். எனக்கு முன்னால் நீ எழுந்துவிட்டால் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

அம்மா